இரண்டாம் கோடி

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை மலர்விழியின் தோளில் போட்டுவிட்டு அண்ணன் அங்கமுத்து கதறிக்கொண்டிருந்தபோதுதான் டிவிக்காரர்களின் கார் ஆட்டையாம்பட்டித் தெருவுக்குள் வந்து நின்றது. பந்தலின் நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் புருசன் மாதேஷ் கிடந்தான். முந்தின நாள் விசைத்தறியில் கரண்ட் அடித்துச் செத்தவன்.

நிருபர் காளிதாஸ் மரியாதை தெரிந்தவன்தான், செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான்.

"கோடி போடுறத மட்டும் இன்னொருக்கா பண்ணுங்க. அது இல்லாட்டி எங்காபீசுல செய்திய எடுத்துக்க மாட்டாங்க."

"அட நாசமாப் போறவனே!" மாமியார் கந்தம்மாள் எழுந்துவிட்டாள். "ரெண்டு தரம் கோடி போடுவாங்களா? இந்த ஊட்ல இன்னொரு எழவு உழுகோணுமா?"

மலர்விழி நிருபரையே பார்த்தாள். "போட்டா, நான் சொல்றதயும் டிவில போடுவீங்களா?"

"கண்டிப்பாங்க."

குடித்துவிட்டுத் தறியில் கை வைத்தான் என்று தறி ஓனர் காலையிலிருந்து ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். சாராய வாடைக்கே குமட்டுகிறவன் மாதேஷ். பள்ளிக்கூடம் போகிற அவர்கள் பெண் நித்யஸ்ரீ இனிக் குடிகாரன் மகள்.

"எடுத்துட்டுத் திருப்பிப் போடுண்ணா."

"வேண்டாம் சாமி..."

"போடுண்ணா."

போட்டான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சனியன், இந்தத் தடவை அவளுக்கு அழுகையே வரவில்லை.

"கொஞ்சம் சத்தமா அழுவுங்கக்கா," என்றான் கேமராக்காரன்.

அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துத் திணறாமல் சொன்னாள். "எங்க ஊட்டுக்காரரு குடிக்க மாட்டாருங்க. மிசின்ல கரண்ட் அடிக்குதுன்னு ஓனர்கிட்டச் சொல்லிட்டே இருந்தாருங்க. யாரும் வந்து பாக்கலீங்க."

காளிதாஸ் கும்பிட்டுவிட்டுப் போனான்.

பிணத்தை எடுத்தபின் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தவளிடம் நித்யஸ்ரீ டிவிச் செய்தி ஓடுகிற போனைக் கொண்டுவந்தாள். கந்தம்மாளும் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

கோடி விழுந்தது. மலர்விழி அழுதாள். அடியில் சிவப்புப் பட்டையில் எழுத்து ஓடியது: ‘குடிபோதையில் தறியைத் தொட்ட தொழிலாளி பலி’.

பிறகு அவள் பேசுவது வந்தது. வாய் அசைந்தது. சோகமாக ஒரு வயலின் மட்டும் கேட்டது.

"சத்தத்த ஏத்து சாமி."

"ஏத்திட்டேன்மா. இதுக்கு மேல ஏறாது."

மலர்விழி போனை வாங்கிக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.