மலருக்கு எடுத்து வைத்தது

"அதக் கொட்டாதீங்க அண்ணி."

மலர்க்கொடி சொன்னது கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. நேற்று மதியத்திலிருந்து அவள் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அது. புருஷன் கணேசமூர்த்தி வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாகச் சவப்பெட்டிக்குள் படுத்திருக்கிறார். தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டியோ சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுக்கிறாள், அதுவும் ஒரு கிண்ணத்துக்காக. அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட ஒரு நிமிஷம் மூக்கை உறிஞ்ச மறந்தார்கள்.

கிண்ணத்தைக் கையில் வைத்திருந்தவள் மங்களம், கணேசமூர்த்தியின் அக்கா. தகவல் தெரிந்ததும் தன் ஊரான மஸ்ஜித் தானாவிலிருந்து காரில் வந்து இறங்கியவள், அப்போதிலிருந்து வீட்டையே தன் தோளில் தூக்கிக்கொண்டாள். பிணம் எடுக்கும்வரை அடுப்பு எரியக் கூடாது, ஏற்கனவே ஆக்கியது எதுவும் வீட்டில் தங்கக் கூடாது. இந்த விஷயத்தில் மங்களத்திடம் யாரும் பேரம் பேச முடியாது. வந்த கையோடு சோற்றையும் குழம்பையும் வெளியே கொட்டிப் பானைகளைக் கவிழ்த்துவிட்டாள். சமையலறைக் குளிர்பெட்டியை மட்டும் மறந்திருந்தாள். இன்று காலை சடங்குக்குப் பால் எடுக்கத் திறந்தபோதுதான், கீழ்த் தட்டில் மூடி போட்ட அந்தப் பீங்கான் கிண்ணம் கண்ணில் பட்டது. மூடியின் மேல் காகித டேப் ஒட்டி, பேனாவால் 'மலர்' என்று எழுதியிருந்தது.

"என்ன மலரு இது? சாவு வூட்டுல வச்சிருக்கக் கூடாதும்மா."

"இருக்கட்டும் அண்ணி. அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறமா? பன்னண்டரைக்குத் தூக்கணும்லா. அதுக்கு முன்னால எல்லாம் சுத்தமா இருக்கணும்."

வாசலில் சடங்கு செய்யும் பண்டாரம் பால் கேட்டுக் கூப்பிட்டார். மங்களம் கிண்ணத்தைப் பாத்திரம் கழுவும் தொட்டியோரம் வைத்துவிட்டுப் போனாள். மலர்க்கொடியின் கண் மட்டும் கிண்ணத்தை விட்டு நகரவில்லை.

அதற்குள் இருந்தது பயற்றங்காய் சூப். நேற்றுக் காலை கணேசமூர்த்தி செய்தது.

கணேசமூர்த்தி முப்பத்தொரு வருஷம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். திருகாணி டப்பாவிலிருந்து வீட்டு ஊறுகாய்ப் பாட்டில் வரை எதிலும் பெயர் எழுதி ஒட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. போன வருஷக் கடைசியில் ஓய்வு பெற்றார். இரண்டு மாதத்தில் நெஞ்சு வலி. உப்பைக் குறை, எண்ணெயைக் குறை, தேங்காய்ப்பாலைத் தொடாதே என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்த மனுஷன் அன்று மாலை மெதுவாகக் கேட்டார்.

"மலரு, மத்தியானத்துல மட்டும் அடுப்ப நான் கொஞ்சம் பாத்துக்கவா?"

மலர்க்கொடிக்குச் சுருக்கென்று தைத்தது. அவர்கள் குடியிருக்கும் தங்கா பத்துவில் அவள் வைக்கும் மீன் குழம்புக்கென்றே விருந்துக்கு வருகிறவர்கள் உண்டு. "முப்பத்து மூணு வருஷமா நான் ஆக்கிப் போட்டுத்தான் ஒங்க நெஞ்சு கெட்டுப் போச்சா?" என்று கேட்டாள். "யாரு அப்படிச் சொன்னா?" என்று அவர் சிரித்தார். அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் அவளுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது கூத்து. லண்டனில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் கைப்பேசியில் தோன்றி, "வசந்தம் வந்தாச்சு! அஞ்சே பொருள், பதினஞ்சே நிமிஷம்" என்பாள். இவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அவள் சொல்வதைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் எழுதிக்கொள்வார். அவள் சொல்லும் காய்களில் பாதி இங்கே கிடைக்காது. பாசார் சந்தையில் பயற்றங்காயும் கங்கோங் கீரையும் வாங்கி வந்து ஒப்பேற்றுவார்.

"இங்க ஏதுங்க வசந்தம்? காலையில வெயிலு, சாயந்தரம் மழை, அவ்ளோதானே?"

"பங்குனி பொறந்துருச்சுல்ல? அதான் நம்ம வசந்தம்."

தினமும் இரண்டு கிண்ணம். ஒன்றில் 'மூர்த்தி', இன்னொன்றில் 'மலர்'. தன் பெயரை டேப்பில் பார்க்கும்போதெல்லாம் நானென்ன ஸ்டோர் சாமானா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். உப்பில்லாத இந்தக் கஷாயத்தை நானும் குடிக்க வேண்டுமாம், அப்போதுதானே நான் செய்த தப்பு எனக்கு உறைக்கும் என்று நினைத்துக்கொள்வாள். அவர் மத்தியானம் கண்ணயர்ந்ததும் கிண்ணத்தைப் பின்னால் கொண்டுபோய், முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழை மரத்தடியில் ஊற்றிவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைப்பாள். எழுந்ததும் அவர் கேட்பார்.

"எப்படி இருந்துச்சு?"

"ம். இருந்துச்சு."

நேற்றுப் பத்து மணிக்கு அவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றார். "இன்னிக்கி சரியா வந்துருச்சு மலரு. சூடா ஒரு வாய் குடிச்சுப் பாரேன்." அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வைங்க, அப்புறம் பாக்கலாம்." அவர் தன் கிண்ணத்தைக் குடித்து முடித்து, அவளுடையது ஆறும்வரை காத்திருந்து குளிர்பெட்டியில் வைத்தார். காற்றாடிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்தார். பதினொன்றரைக்கு அவள் கூப்பிட்டபோது பதில் வரவில்லை.

கணேசமூர்த்தியோடு வேலை செய்த காந்தன் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு மலர்க்கொடியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். எதையாவது பேசாவிட்டால் அழுதுவிடுவோம் என்று பயந்தவர்போல் பேசினார்.

"போன வாரந்தான் தங்கச்சி, கிளேபாங்ல என் வூட்டுக்கு ஒரு டப்பா சூப்பு கொண்டாந்தாரு. உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல. மூர்த்தி, இத மனுஷன் குடிப்பானாய்யான்னு கேட்டேன். 'ஏன், என் பொண்டாட்டி தெனம் குடிக்கிறாளே'ன்னாரு. என்னா பெரும அந்த ஆளுக்கு!"

மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள்.

மகன் புவனேஷ் ஜொகூரிலிருந்து வந்திருந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. "எனக்குப் போட்டோ அனுப்புவாரும்மா" என்று கைப்பேசியை அவளிடம் நீட்டினான். அதில் கழுவிக் கவிழ்த்த கிண்ணம் ஒன்று. அதற்குக் கீழே, 'அம்மா காலி பண்ணிட்டா.' அடுத்த நாளும் அதே கிண்ணம், அதே வரி. அதற்கடுத்த நாளும். மகன் விரலால் தள்ளத் தள்ளப் படங்கள் வந்துகொண்டே இருந்தன.

பாவி, அந்த மனுஷன் நம்பியிருக்கிறார். சந்தேகப்பட்டுச் சண்டை பிடித்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அப்போது சமையலறையில் கிண்ணத்தின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. மலர்க்கொடி எழுந்தாள். "எங்கம்மா போற?" என்று யாரோ கையைப் பிடித்தார்கள். உதறிக்கொண்டு நடந்தாள்.

மங்களம் பின்கதவைத் திறந்து, கிண்ணத்தைச் சாய்க்கப் போனாள்.

"அண்ணி, குடுங்க."

"மலரு, சொன்னா கேளு."

"ஒரு நாளும் நான் வாயில வச்சதில்ல அண்ணி. அவரு ஆக்கி ஆக்கி வச்சாரு. நான் எல்லாத்தையும் அந்த வாழைக்கு ஊத்திட்டேன். குடிச்சேன்னு நெனைச்சுக்கிட்டே போயிட்டாரு." கிண்ணத்துக்குக் கையை நீட்டினாள். "இது ஒண்ணுதான் மிச்சம். இதையும் கொட்டிட்டா, அவரு கையால ஆக்கினது என்னா ருசின்னு எனக்கு எப்பவுமே தெரியாது."

மங்களம் அவளையே பார்த்தாள். தம்பி இரண்டு முறை மஸ்ஜித் தானாவுக்கு டப்பாவோடு வந்து, "மலருக்குப் பிடிச்சிருக்குக்கா" என்று சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"பொணத்த வச்சுக்கிட்டுச் சாப்பிடக் கூடாதும்மா. நாலு பேரு பாத்தா என்னா பேசுவாங்க?"

"பேசட்டும்."

மங்களம் பின்கதவைச் சாத்தினாள். பிறகு கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். இழுப்பறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கூடத்துப் பக்கக் கதவருகே போய், முதுகைக் காட்டிக்கொண்டு நிலையை அடைத்தாற்போல் நின்றுகொண்டாள். தண்ணீர் கேட்டு வந்த ஒரு பெண்ணிடம், "மலரு மாத்திர போடுது. செத்த இருங்க" என்றாள்.

சூப்பு சில்லென்றிருந்தது. பச்சைத் தண்ணீர்போல இருக்கும் என்று நினைத்துத்தான் மலர்க்கொடி முதல் கரண்டியை வாயில் வைத்தாள்.

உப்பு இருந்தது.

இரண்டாவது கரண்டி. உப்பு அளவாக, அவள் கை போடுகிற அளவாகவே இருந்தது. பிறகு உறைப்பு நாக்கில் ஏறியது. கிண்ணத்தின் அடியில் சிவப்பாக மிளகாய்ச் சம்பால் தேங்கியிருந்தது, ஊறிப்போன நெத்திலியோடு. அவளே அரைத்துப் பாட்டிலில் வைத்திருந்த சம்பால். அது இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. போன மாதம் பாட்டில் சீக்கிரம் காலியானபோது, "டாக்டர் சொன்னத மறந்துட்டுத் திருட்டுத்தனமா திங்கிறீங்களா?" என்று அவரைப் பிடித்து ஏசியிருக்கிறாள். அவர் சிரித்து மழுப்பிவிட்டார்.

அப்படியானால் தினமும் இரண்டு சமையல். தனக்கு ஒரு சட்டி, அவளுக்கு ஒரு சட்டி. மாறிப்போகக் கூடாது என்றுதான் அந்த டேப். அவள் வாழைக்கு ஊற்றிய ஒவ்வொரு கிண்ணத்திலும் உப்பு இருந்திருக்கிறது. ஒரே ஒரு தடவை, கோபத்துக்காகவாவது ஒரு வாய் வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. இனி என்ன செய்தும் அதைச் சரிக்கட்ட முடியாது.

மங்களம் திரும்பாமலே கேட்டாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு அண்ணி" என்றாள் மலர்க்கொடி. கண்ணீர் வழிந்து கிண்ணத்தில் விழுந்தது. அவள் நிறுத்தாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

மங்களம் வந்து கிண்ணத்தை வாங்கிக் கழுவினாள். மூடியின் மேல் ஒட்டியிருந்த டேப்பைக் கிழிக்காமல் உரித்து, மலர்க்கொடியின் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.

பன்னிரண்டு மணிக்குப் பண்டாரம் வாய்க்கரிசிக்கு அழைத்தார். மகன் போட்டான், அக்கா போட்டாள், காந்தன் போட்டார். கடைசியாக மலர்க்கொடி பெட்டியைச் சுற்றி வந்தாள். மூன்று முறை போட வேண்டும். இரண்டு முறை சரியாகப் போட்டாள். மூன்றாவது முறை அரிசி உதட்டில் நிற்காமல் கன்னத்தில் சிந்தியது.

"பரவால்லம்மா, நகருங்க. நேரமாச்சு" என்றார் பண்டாரம்.

அவள் நகரவில்லை. குனிந்து, புடவைத் தலைப்பால் அவருடைய வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.