பொன்னுதுரை நசுக்கிய தீப்பெட்டி

காஜா பேராங் சாலைக்குத் தார் ஊற்றிய எங்கள் கேங்கில் பொன்னுதுரைக்குக் கைராசி உண்டு. ரோலரோ லோரியோ, எது புதிதாக வந்தாலும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது அவன்தான். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வண்டியும் குடை சாயவில்லை. அதற்குக் காரணம் மெக்கானிக் என்று நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்? நான் வெறும் மண்டோர், கேங்கை மேய்க்கிற கங்காணி.

1957இல், மலாய் நாட்டின் சுதந்திரத்துக்கு முன்னால் கப்பலேறவிருந்த வெள்ளைக்கார இஞ்சினியர், மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் காட்டினால் வரப்போகும் புது லோரிக்குப் பொன்னுதுரையையே டிரைவராகப் போடுவதாகச் சொன்னார். தார்ப் புகையில் இருமியே இளைத்தவனுக்கு வேறு வழி கிடையாது. தெங்கேராவில் மளிகைக் கடை வைத்திருந்த அப்துல் கய்யூம் தன் வேனில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பிள்ளை பிறக்கும் முன்னே பேர் வைத்த கதையாக, பொன்னுதுரையின் மனைவி பூங்காவனம் காக்கிச் சட்டையே தைத்துவிட்டாள்.

பரீட்சையன்று நாங்கள் புக்கிட் சீனா மேட்டோரம் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் கண்ணெதிரே வேன் ஏற்றத்தில் நின்றது. மலாய் அதிகாரி இறங்கி, பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டியை வைத்துவிட்டு, ஓரமாக நின்று கையை அசைத்தார். பொன்னுதுரை தலையை நீட்டிப் பார்த்தான். பிறகு ஒரு சாண் பின்னால் விட்டு, பெட்டியைப் பதமாக நசுக்கி, குலுங்காமல் மேடேறினான். நாங்கள் கைகூடத் தட்டினோம்.

பெட்டி நசுங்கினால் ஃபெயில் என்று அதிகாரி சொன்ன பிறகுதான் எங்களுக்கே தெரியும். ஏற்றத்தில் வண்டி பின்னால் நழுவுகிறதா என்று பார்க்க வைத்ததாம். கய்யூம் லைசென்ஸ் எடுத்த காலத்தில் இந்தப் பெட்டி வேலையெல்லாம் கிடையாது.

"எலுமிச்சம்பழம் கெடைக்கல, கைக்குக் கெடைச்சத வச்சிருக்காருன்னு நெனச்சேன் மண்டோரே," என்றான் பொன்னுதுரை.

எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவன் கண் கலங்கியதும் இரண்டும் போய்விட்டன. அவன் இடத்தில் நானாக இருந்தாலும் நசுக்கித்தான் இருப்பேன்.

மறு பரீட்சை கெடு தாண்டி, செப்டம்பரில்தான். அதற்குள் வேலை, பண்டார் ஹிலிரில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த தியாகுவுக்குப் போய்விட்டது.

புது லோரி வந்த காலையில் தியாகு ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தான். நாலு எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது. யாரும் பொன்னுதுரையின் முகத்தைப் பார்க்கவில்லை. வேறொருவனை வைக்கச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவனே பழங்களை வாங்கிக்கொண்டு குனிந்தான். நாலு சக்கரத்துக்கும் வைத்துவிட்டு, டிரைவர் கதவருகே வந்து நின்றான்.

"எல்லாம் முன்னாலதான் வச்சிருக்கேன், தம்பி. நேரா எடு."

தியாகு நேராக எடுத்தான். பொன்னுதுரை தார் வாளியைத் தூக்கிக்கொண்டு லோரிக்குப் பின்னால் நடந்தான்.