மறுப்பு மோதிரத்தின் மூன்றாம் பதிப்பு

மூன்றாம் பதிப்புக்கு மாறிவிடலாமா என்று நான் கேட்டபோது மேசையைச் சுற்றி இருந்த மூன்று பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படியே செய்யுங்க. முப்பத்தைந்து வருடமாகக் கோயமுத்தூரில் குப்பை கொட்டுகிறேன். இந்தப் பதிலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட முதல் ஆள் இந்த ஊரிலேயே நானாகத்தான் இருப்பேன்.

எங்கள் விளையாட்டு இதுதான். ஒருவர் கதை சொல்வார். அது நான், மேக்னா. மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக அந்தக் கதைக்குள் நடமாடுவார்கள். அரக்கன் எதிர்ப்பட்டால் என்ன செய்வது, ராஜா மிரட்டினால் என்ன பதில் சொல்வது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை முடிவு செய்யும். இதற்கெல்லாம் விதிகள் அடங்கிய தடித்த புத்தகம் ஒன்று உண்டு. கோட்டைமேட்டில் முஜீப்பின் எலெக்ட்ரிக்கல் கடை மாடியில், வயர் சுருள்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, ஆறு வருடமாக ஞாயிறுதோறும் இரண்டு மணிக்கு உட்காருகிறோம். எங்களிடம் இருந்தது இரண்டாம் பதிப்பு. முதுகு பிய்ந்துபோனதால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தோம். மூன்றாம் பதிப்பு வந்துவிட்டது என்று தெரிந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பழைய சட்டையைக் கழற்றிப் புதுச்சட்டை போடுவது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆறு வருடத்தில் இவர்கள் சேர்த்து வைத்திருந்த மந்திரப் பொருட்கள் அறுபத்தொன்று. வாள், கயிறு, விளக்கு, பேசும் செம்பு என்று ஒவ்வொன்றையும் புது விதிக்கு ஏற்றபடி மாற்றி எழுதியாக வேண்டும். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் நான் பார்க்கும் வேலையே வரைபடத் திருத்தம்தான். அங்கே ஒரு போல்ட்டின் அளவை மாற்றினால்கூட ஏன் மாற்றினோம் என்று எழுதி நாலு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இந்தப் புத்தகத்தைப் போட்ட மகானுபாவர்களோ பன்னிரண்டு பக்கத்தில் ஒரு வழிகாட்டி கொடுத்திருந்தார்கள். சிக்கலான இடம் வரும்போதெல்லாம், உங்கள் விவேகப்படி முடிவு செய்துகொள்ளவும் என்று எழுதிவிட்டு நழுவியிருந்தார்கள். விவேகம் இருந்தால் நான் ஏன் இந்த வேலையில் இறங்கப் போகிறேன்?

முஜீப்பின் பாத்திரத்துக்குச் சத்தம் கேட்காமல் நடக்கும் செருப்பு ஒன்று இருந்தது. புதுப் பதிப்பில் சத்தத்துக்கென்று தனி விதியே கிடையாது. எல்லோரும் சத்தமில்லாமல்தான் நடக்கிறார்கள் போலிருக்கிறது. அப்போ என் செருப்பு எதுக்குக்கா என்று அவன் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்தும் அதே கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தான்.

பிரத்யுஷா அதைவிட மோசம். ஆர்.எஸ்.புரத்தில் பல் டாக்டர். என்னோடு பள்ளிக்கூடத்திலிருந்து சண்டை போடுபவள். அவளிடம் ஒன்பது மந்திரப் பொருட்கள். புது விதிப்படி ஒரு ஆள் மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. மீதி ஆறையும் உருக்கி, அந்தச் சக்தியை மூன்றில் ஏற்றித் தர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நகைக்கடையில் பழைய வளையலைப் போட்டுவிட்டுப் புது ஆரம் வாங்க வந்தவள் கெட்டாள், அப்படி ஒரு பேரம். கொஞ்சம் சேதாரம் போகும் என்றேன். ஒரு குந்துமணி குறையக்கூடாது என்றாள். கோபம் வந்தால் எனக்கு வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். அன்றைக்கு நிறைய வந்தது. அவள் வீட்டிலும் தெலுங்குதான் என்பதால் ஒரு சொல்லும் வீணாகவில்லை.

தொல்லையே கொடுக்காதவர் அங்கப்பன் அண்ணன் ஒருவர்தான். சூலூர்க்காரர், ஐம்பத்திரண்டு வயது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் பன்னிரண்டு விசைத்தறி ஓடுகிறது. தறி மோட்டாருக்கு ஸ்விட்ச் வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முஜீப் கடைக்கு வந்தவர், மாடியில் என்ன சத்தம் என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு எங்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. வந்து உட்காருங்களேன் என்று முஜீப் சும்மா கேட்டு வைத்தான். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எங்களிடம் அவர் வந்து சேர்ந்த கதை அவ்வளவுதான்.

யாரிடமும் அவருக்கு அந்த வாய் வராது. ஊரில் யாருக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றாலும் அவர் வண்டிதான். யார் வீட்டுக் கல்யாணத்தில் விருந்தாளி அதிகமானாலும் அவர் வீட்டு மாடிதான். ஆட்டத்தின் நடுவே அவருக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். எந்தப் போனும் 'சரிங்க, செஞ்சுபோடலாமுங்க' என்பதில்தான் முடியும். வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொள்வார்.

இரண்டாவது வருடக் கடைசியில் அவர் கதாபாத்திரத்துக்கு ஒரு மோதிரம் கிடைத்தது. மறுப்பு மோதிரம். அதை அணிந்தவர் நாளுக்கு ஒரு முறை, யார் எதைக் கேட்டாலும் மறுக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கேட்டவர் ராஜாவானாலும் சாமியானாலும் அதை ஏற்றே ஆக வேண்டும். அன்று முழுவதும் மறுபடி கேட்கக் கூடாது. கிடைத்த அடுத்த வாரமே ஒரு ராஜா, பாலம் கட்ட வேண்டும், உன் ஊரைக் காலி செய்து கொடு என்று கேட்டான். அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முடியாது" என்றார். பின்னால் ஒரு 'ங்க' கூட இல்லை.

முஜீப் கைதட்டிவிட்டான். அன்றிலிருந்து நான்கு வருடம், ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் காத்திருந்தோம். அதற்காகவே நான் எங்கெங்கிருந்தோ தளபதிகளையும் சாமியார்களையும் கதைக்குள் இழுத்துவந்து அவரிடம் எதையாவது கேட்க வைப்பேன். சொல்லி முடித்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். வேறு எதையும் அவர் வாங்கிக்கொண்டதில்லை. வாள் வேண்டுமா, கவசம் வேண்டுமா என்று கேட்டால் மற்றவர்களுக்குக் கொடுங்க என்பார். அறுபத்தொன்றில் அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

வழிகாட்டியில் அதற்கு ஒரே வரி. இத்தகைய பொருட்கள் இனி மன உறுதிப் பகடைக்கு இரண்டு புள்ளி கூட்டும். அதாவது, மறுப்பு பலிக்குமா என்பதையும் இனி பகடைதான் முடிவு செய்யும். இருந்த வேலைகளிலேயே சுலபமான வேலை அது. நான்கு நிமிடத்தில் எழுதி முடித்தேன். அடுத்த ஞாயிறு படித்துக்காட்டி, சரிதானுங்களா அண்ணா என்று கேட்டேன்.

"ஆகட்டுங்க அம்மணி" என்றார்.

பிரத்யுஷாவோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டிய களைப்பில் இருந்தேன். இந்த மனுஷர் ஒருவராவது உயிரை எடுக்காமல் இருக்கிறாரே என்று மனசுக்குள் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பொருளுக்குப் போனேன்.

புது விதிப்படி முதல் ஆட்டம். ஒரு கோட்டைத் தலைவன் அண்ணனின் பாத்திரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, கூட வந்தவர்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்கச் சொன்னான். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, முடியாது என்றார். பகடை போட வேண்டும் என்று ஞாபகப்படுத்தினேன். போட்டார். நான்கு விழுந்தது. மோதிரத்துக்கு இரண்டு, ஆக மொத்தம் ஆறு. பன்னிரண்டு வந்திருக்க வேண்டும்.

"அப்படீன்னா ஒத்துக்கிட்டுத்தான் ஆகோணுங்களா?" என்று கேட்டார்.

விதி அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

"சரிங்க" என்றார். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை அவர் பேசவில்லை. நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, முஜீப்பின் செருப்புக்கு விதி தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. போன் செய்தபோது, வாரேனுங்க, கிளம்பிட்டேனுங்க என்றார். மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று, ஆளைக் காணோம். அதற்கடுத்த ஞாயிறும் அதே வாரேனுங்க. மூன்றாவது ஞாயிறும் அதே. மூன்றாவது முறை எனக்குப் பொறுமை போய்விட்டது. வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல்லித் தொலைத்தால் என்னவாம்? ஒரு ஆளுக்காக மூன்று பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா? அறுபத்தொரு பொருளை மாற்றி எழுத எனக்கு இரண்டு மாதம் ஆனது, அதில் யாருக்காவது அக்கறை இருக்கிறதா? இதையெல்லாம் நான் மனசுக்குள் கேட்கவில்லை, சத்தமாகவே கேட்டேன்.

பிரத்யுஷா தட்டிலிருந்த பஜ்ஜியை வைத்துவிட்டு, புதுப் பதிப்பை யார் கேட்டார்கள் என்றாள். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அவள் கேட்கவில்லையாம். நான் ஆசைப்படுகிறேனே என்று சரி சொன்னாளாம். முஜீப்பைப் பார்த்தேன். அவன் பிரத்யுஷா ஆசைப்படுகிறாள் என்று நினைத்தானாம். பழைய புத்தகம் அவனுக்கு மனப்பாடம், புதுசை இன்னும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் பகடையைச் சுவரில் எறியலாம் போலிருந்தது. மூன்று பேர் வாயிலிருந்தும் ஒரு 'வேண்டாம்' வந்திருந்தால் என் இரண்டு மாதம் மிச்சம். அன்றே பழைய புத்தகத்துக்குத் திரும்புவது என்று முடிவு செய்தோம். ரப்பர் பேண்டு போட்ட புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுச் சூலூருக்குப் போனேன். இந்தச் செய்தியைக் கேட்டால் அண்ணன் குதித்து வருவார் என்று நிச்சயமாக நம்பினேன்.

அவர் மகள் கயல்விழிதான் கதவைத் திறந்தாள். மூன்று ஞாயிறும் அப்பா மதியமே சட்டை மாற்றிக்கொண்டு, வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு மணி வரைக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார் என்று சொன்னாள். கேட்டால் போகோணும் போகோணும் என்றாராம்.

அண்ணன் எனக்காகத் தறிகளை நிறுத்திவிட்டு வந்தார். கொட்டகை வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்றாம் பதிப்பு குப்பை, பழைய புத்தகத்துக்கே போகிறோம், மோதிரம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும், வருகிற ஞாயிறு வாருங்கள் என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் வரமாட்டேனுங்க அம்மணி."

தறி நின்றிருந்ததால் அந்த வார்த்தை அப்படியே வந்து விழுந்தது. மோதிரம் பழையபடிதான் என்று மறுபடியும் சொன்னேன்.

"மோதிரத்துக்காக இல்லீங்க. அன்னிக்கு நீங்க கேட்டீங்க, நான் ஆகட்டும்னேன். ஊர்ல அல்லாரும் அதைச் சரின்னு எடுத்துக்குவாங்க. அவங்களுக்குக் காரியம் ஆகோணுமுங்க. நீங்க நாலு வருசமா எனக்கு எதிர்ல உக்காந்து, நான் முடியாதுன்னு சொல்லறதப் பார்த்தவங்க. உங்களுக்குமா தெரியலீங்க?"

எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் சங்கடம். படித்துக்காட்டியபோது அவர் கை விரலைத் தடவிக்கொண்டதைப் பார்த்தேன். பார்த்தும் அடுத்த பொருளுக்குப் போனேன், ஏனென்றால் எனக்கு அன்றைக்கு ஒரு சுலபமான ஆள் தேவைப்பட்டது.

"மோதிரம் போட்டிருந்தாத்தான் நான் சொல்லறது காதுல விழும்னா, அது எனக்கு வேண்டாமுங்க" என்றார். குரலில் கோபம் இல்லை.

மன்னிச்சுக்குங்ணா என்றேன். அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க என்று சொன்னார், ஆகட்டுங்க என்று சொன்ன அதே குரலில். இந்த முறை எனக்கு அதன் அர்த்தம் புரிந்தது. வெட்கமாக இருந்தது. பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்து, நான் ஏறி உட்காரும்வரை வெயிலில் நின்றார்.

அடுத்த ஞாயிறு மூன்று பேராக உட்கார்ந்தோம். நடந்ததைச் சொன்னேன். நான் கேட்ட விதம் சரியில்லை என்று பிரத்யுஷா குறைபட்டுக்கொண்டாள். முஜீப் போனைக் கையில் எடுத்தான்.

"நான் ஒரு வார்த்தை கேட்டா வந்துருவாருக்கா" என்றான். "எங்கிட்ட அவரால மாட்டேன்னு சொல்ல முடியாது."

உண்மைதான். கேட்டால் வந்துவிடுவார். ஒரு மணி நேரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படியேறி, அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். நான் ஒரு ராஜாவைக் கொண்டுவந்து நிறுத்தினால் நிமிர்ந்தும் உட்காருவார். எனக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்லி மாளாது. முஜீப்பின் விரல் அவர் பெயரின் மேல் இருந்தது.

போனை அவன் கையிலிருந்து வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"வரமாட்டேன்னு சொல்லிட்டாரு, முஜீப்" என்றேன். "நம்மள்ல ஒருத்தரும் கேக்க வேண்டாம்."