என் வளவில் ஒரு சூளை

சபியா உம்மாவின் கண்ணில் படாமல் கல்முனைக்குடியில் ஒரு காரியமும் நடக்காது. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலிதான். அந்த வேலியில் எத்தனை ஓட்டை என்று எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். வியாழக்கிழமை காலை என் புருசன் சூளை அடுக்கும்போது, உடுத்துப் பழசான சாரனில் சுற்றிய எதையோ கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனாராம். அதைக் கண்ட சபியா உம்மா கிணற்றடியில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குள் அந்தச் சாரன் மூட்டை சிலையாகி, பள்ளிவாசல் வரைக்கும் நடந்தே போய்விட்டது.

என் புருசன் காலிதீன் மருதமுனைக்காரர். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தறியை விட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சிக்குப் போய்ச் சித்திரமும் மட்பாண்டமும் படித்தார். லீவு நாட்களில் குயவர் ஒருவரின் வீட்டில் கிடந்து சக்கரம் சுற்றப் பழகினார். பிறகு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியராகத் தற்காலிக நியமனம் கிடைத்தது. கலியாணம் முடித்ததும் எங்கள் பக்கத்து வழக்கப்படி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வீடும் அதைச் சுற்றிய வளவும் வாப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தவை. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வருவார் என்று பார்த்தால், மனிதர் ஒரு மரச் சக்கரத்தோடு வந்து இறங்கினார். உம்மா முதலில் சிரித்தார், பிறகு அறைக்குள் போய் அழுதார்.

ஊரில் அவருக்குச் சட்டி மாஸ்டர் என்று பெயர். வளவு மூலையில் செங்கல்லால் சூளை கட்டினார். நாவிதன்வெளி வயலில் இருந்து வண்டியில் களிமண் வந்தது. நான் கூட்டிப் பெருக்கிய முற்றத்தில் எப்போதும் சேறு. நான் ஏசுவேன், அவர் தலையாட்டுவார், மறுநாளும் சேறு கிடக்கும். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவர் என்றால் உயிர். கணக்கு வாத்தியாரைக் கண்டு ஒளிகிற பிள்ளைகள் இவரைக் கண்டால் ஓடிவந்து கையைப் பிடிப்பார்கள். அதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் பாதி இறங்கிவிடும்.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு, கொழும்பில் இருந்து பரீட்சை அதிகாரிகள் வருவதாக அறிவித்தல் வந்தது. அவர் செய்த பாண்டங்களை அவர்கள் பார்க்க வேண்டும். பிடித்தால் நியமனம் நிரந்தரம். பிடிக்காவிட்டால் வேலை போகும், மனிதர் திரும்பவும் தறிக்குழிக்குள் இறங்க வேண்டியதுதான். வருசம் முழுக்கச் செய்ததெல்லாம், வியாழன் இரவு முழுக்க எரித்த அந்த ஒரு சூளைக்குள் இருந்தது. அதிகாரிகள் வருவது திங்கட்கிழமை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கலியாணம் முடித்து வருசங்கள் போயும் எனக்குப் பிள்ளை இல்லை. உருவம் செய்கிற வீட்டுக்குள் வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள், பிறகு எப்படிப் பிள்ளை தங்கும் என்று பெண்கள் என் காதுபடச் சொல்வார்கள். "அவர் சாடி செய்யிறவர். உருவம் செய்யிறவரில்ல" என்று எத்தனையோ பேருடன் நான் வாய்ச்சண்டை பிடித்திருக்கிறேன்.

ஜும்ஆ முடிந்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். முன்னால் அச்சிமுகம்மது மரைக்கார். எங்கள் குடிக்குத் தலைவர், பள்ளிவாசலில் அவர் சொல்வதுதான் சொல். அவருக்குப் பக்கத்தில் என் கூடப்பிறந்த காக்கா மீராமுகைதீன், தரையைப் பார்த்தபடி. பின்னால் ஜமாஅத்துக்காரர் பத்துப் பதினைந்து பேர். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"மாஸ்டர், நாங்க சண்டைக்கு வரல்ல" என்றார் மரைக்கார். "சூளைக்குள்ள சிலை இரிக்கி என்டு ஊரெல்லாம் கதை. திறந்து காட்டிட்டா எல்லார்ர வாயும் மூடிரும்."

"இப்ப திறக்கேலா மரைக்கார். உள்ள இன்னும் நெருப்புச் சூடு. காத்துப் பட்டா எல்லாம் வெடிச்சிரும். நாளைக்கி விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வாங்க."

"நாளைக்கி வரைக்கும் விட்டா, ராவைக்கு எடுத்து ஒளிச்சிட்டார் என்டு சொல்லுவாங்க. ஒங்கட நன்மைக்கித்தான் சொல்லுறன். நாங்க இஞ்சயே இரிக்கம். ஆறட்டும்."

"உள்ள சிலை இரிந்தா?" கூட்டத்தில் இருந்து யாரோ கேட்டார்.

மரைக்கார் திரும்பவில்லை. "சிலை செய்யிற கையால எங்கட புள்ளையளுக்குப் படிப்பிக்கேலா. எங்கட ஊர்ல இரிக்கவும் ஏலா" என்றார்.

மாமரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் இருக்க முடியுமா? அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். என் புருசன் குசினிக்குள் வந்தார். முகத்தில் இரத்தமில்லை.

"றுகையா, உள்ள ஒரு தலை இரிக்கி."

ஊதுகுழல் கையில் இருந்து விழுந்தது.

"சாடி, கோப்பை மட்டும் போதாதாம். உசிருள்ள ஒண்டை நேர்ல பாத்துச் செய்யணும் என்டு பரீட்சைச் சட்டம். மாடு செஞ்சி பாத்தன், வரல்ல."

"ஆர்ர தலை?"

அவர் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் மீன் வெட்டும்போதும் நெல் குற்றும்போதும் மனிதர் வாசலில் நின்று வெறித்துப் பார்ப்பார். கறியில் உப்புக் கூடிப்போன கோபமாக்கும் என்று நானும் முறைத்துப் பார்ப்பேன்.

"என்ட தலையா?"

"நேர்ல பாத்துச் செய்யணுமே. நான் பாக்குற முகம் வேற எது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இந்த மனிதருக்காகத்தானே ஊரோடு மல்லுக்கு நின்றேன். மலக்குமாரை விரட்டியது என் முகமேதானா? நாளைக்குக் காலையில் என் முகத்தை அத்தனை ஆண்களும் கையில் வாங்கிப் பார்க்கப் போகிறார்களே. வாயில் வந்ததையெல்லாம் அடித்தொண்டையில் ஏசினேன்.

"இப்ப திறந்தா என்ன நடக்கும்?" என்று கேட்டேன்.

"சொன்னனே. எல்லாம் வெடிக்கும்."

"தலையும்?"

"தலைதான் முதல்ல."

என் கண் கதவு மூலைக்குப் போனது. அவர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "வேணாம் றுகையா" என்றார். "ஒரு வருச வேலை. அதோட என்ட உத்தியோகமும் போயிரும்."

"உத்தியோகம் போனா தறி இரிக்கி. ஊர் போனா என்ன இரிக்கி?"

அங்கே சாத்தியிருந்த இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். ஆண்கள் கூடியிருக்கிற முற்றத்தில் நான் இறங்கியது அதுதான் முதல் தடவை. பாயில் இருந்தவர்கள் எழும்பி விலகினார்கள். காக்கா, "தங்கச்சி" என்று கிட்ட வந்தார்.

"நீங்க காவல் இரிக்கத் தேவையில்ல மரைக்கார்" என்றேன். "இது என்ட வளவு, என்ட சூளை. நானே திறக்கன்."

"பொறு மகள், அவசரமில்ல. ஆறட்டும்" என்றார் மரைக்கார்.

நான் பொறுக்கவில்லை. சூளை வாயை அடைத்திருந்த செங்கல்லில் அலவாங்கைக் குத்தி நெம்பினேன். முதற் கல் விழுந்ததும் அனல் முகத்தில் அடித்தது. உள்ளே ஒன்று வெடித்தது. அடுத்த கல்லைத் தள்ளினேன். படபடவென்று வெடித்துக்கொண்டே போனது. போதாதென்று கிணற்றுத் தண்ணீரை வாளியில் மொண்டு வந்து உள்ளே வீசினேன். புகையும் ஆவியும் கிளம்பி, ஆளை ஆள் தெரியவில்லை. அந்தச் சத்தத்துக்குள் என் புருசன் குசினி வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

புகை அடங்கியபின் காக்கா மண்வெட்டியால் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டார். ஓட்டுக் குவியல். கரியும் சேறும் பூசிய துண்டுகள். மரைக்கார் குனிந்து கைத்தடியால் கிளறினார். எது சாடி, எது சட்டி என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

மரைக்கார் நிமிர்ந்தார். முகத்தில் வெட்கம் தெரிந்தது. அவர் கெட்ட மனிதரில்லை.

"ஊர்ச் சொல்லக் கேட்டு ஒங்கட வேலையையும் கெடுத்திட்டம் மாஸ்டர். மன்னிச்சிக்கங்க" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "கண்ணால பாத்தீங்கதானே? இஞ்ச ஒண்டுமே இரிக்கல்ல. இனி ஆரும் இந்தக் கதையைக் கதைக்கப்படா" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவர்கள் வேலிக் கடப்படி வரைக்கும் போய்விட்டார்கள். இன்னும் நாலு எட்டு வைத்திருந்தால் தெருவில் இறங்கியிருப்பார்கள்.

"மரைக்கார்."

என் புருசன்தான் கூப்பிட்டார்.

"இரிந்திச்சி. ஒரு தலை இரிந்திச்சி. என்ட பொஞ்சாதிட முகம். நான்தான் செஞ்சன்."

"என்ன பேய்க்கதை கதைக்கீங்க" என்று நான் கத்தினேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "உடஞ்சது உடஞ்சதுதான். அதுக்காக ஒண்டுமே இரிக்கல்ல என்டு சொல்லாதீங்க" என்றார். சொல்லிவிட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி, சாரன் நுனியால் பிடித்துச் சூடாறாத துண்டுகளை எடுத்துத் துடைத்தார். நெற்றி. ஒரு கண். மூக்கின் பாதி. கன்னம். ஒன்றோடொன்று சேர்த்து மண்ணில் வைத்தார்.

நான் பார்த்தேன். அழகாகச் செய்திருப்பாராக்கும் என்று நினைத்திருந்தேன். அழகில்லை. அம்மை வடுவோடு, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, ஏசுவதற்கு வாயெடுத்தாற்போல் நான் இருந்தேன். கண்ணாடியில்கூட என்னை நான் அப்படிப் பார்த்ததில்லை. இத்தனை வருசத்தில் அந்த வடுவை அவர் பார்த்ததாகக் காட்டிக்கொண்டதுமில்லை. எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்ததா, வேறு எதிலா என்று நான் யோசிக்கவில்லை, அழுதேன்.

மரைக்கார் திரும்பி வந்து அந்தத் துண்டுகளைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "நாங்க போயிருப்பம் மாஸ்டர். ஒங்கட வாயாலயே கேட்டு வாங்கிட்டீங்க. இனி இந்த ஊர் ஒங்களுக்கு இல்ல." என்னிடம் திரும்பி, "ஒனக்கு ஒரு குறையும் இல்ல மகள். வீடு ஒன்ட, வளவு ஒன்ட. நீ இரி. ஒன்ட காக்கா பாத்துக்குவார்" என்றார்.

நான் என் புருசனுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து என் முந்தானையில் போட்டேன். கை சுட்டது.

"அதப் போட்டுட்டு உள்ள போ தங்கச்சி" என்றார் காக்கா.

"இது என்ட முகம் காக்கா" என்றேன். "போய் ஒரு வண்டி பேசிக்கி வாங்க. ரெண்டு பேருக்கு."