எட்டாம் மாடியில் கேசரி

சாமரத் தீவின் போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்த மாதம். தோற்றுக்கொண்டிருந்தவர்கள் கமலாம்பிகையின் பக்கத்தார். விடிந்தால் அழுகைச் செய்திதான். அப்படியிருக்க, தீவின் தலைநகரில் மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் குண்டு வெடித்ததென்று ஒரு காலை தொலைக்காட்சி சொன்னதும், கடல் கடந்து வந்தவர்கள் குடியிருந்த டோர்செட் பார்க் அடுக்குமாடியின் எட்டாம் மாடி தலைகால் தெரியாமல் ஆடியது.

"எங்கட ஆக்கள் இன்னும் இருக்கினமப்பா! கேசரியைக் கிண்டும்" என்றான் கணவன் ஸ்ரீதரன். வெடித்தது பஸ் நிலையங்களில் என்பதை இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நல்ல செய்தி வந்தால் தட்டோடு கதவு கதவாய்ப் போவது அந்த மாடியின் பழக்கம். கமலாம்பிகை நெய்யும் கஜுவும் தாராளமாய்ப் போட்டுக் கிண்டி, போன வேகத்தில் நிலந்தியின் கதவையும் தட்டிவிட்டாள். நிலந்தி அதே தீவுதான், ஆனால் மறுபக்கத்து மொழிக்காரி. தமிழ் பழகியது இந்த மாடியில். கமலாம்பிகைக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு வந்து நிற்பவள்.

"என்ன விசேஷம், அக்கா?"

கமலாம்பிகை "பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி. நினைச்சது நடந்திட்டுது" என்று புளுகினாள். புளுகுவதற்கும் சாமிதான் அகப்பட்டார்.

மறுநாள் மாலை நிலந்தி வந்தாள். கண் வீங்கியிருந்தது, தலை வாரியிருக்கவில்லை.

"ஊரில தம்பி நேற்று பஸ்ஸுக்குப் போனவன், அக்கா. இன்னும் வீட்டை வரேல்லை. ஆஸ்பத்திரியிலயும் இல்லையாம். உங்கட பிள்ளையாரிட்ட அவனுக்கும் ஒரு நேர்த்தி வையுங்கோ."

கமலாம்பிகை 'ஓம்' என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். சாமி அலமாரி வரை போய்த் தீப்பெட்டியையும் எடுத்தாள். எடுத்த குச்சியைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டாள். எந்த முகத்தோடு கேட்பது?

"நிலந்தி, அது நேர்த்தியில்லை. குண்டு வெடிச்சதுக்குத்தான் கிண்டினனான்" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

உள்ளறையில் ஸ்ரீதரன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். நிலந்தி திட்டுவாள், காறித் துப்புவாள் என்று கமலாம்பிகை காத்து நின்றாள். துப்பினால் நல்லது என்றுகூட இருந்தது.

"தெரியும், அக்கா. டிவி என்ர வீட்டிலயும் இருக்குத்தானே" என்றாள் நிலந்தி. "ஆனா கும்பிடச் சொல்லிக் கேட்க எனக்கு இங்க வேற ஆர் இருக்கினம்? விளக்கைக் கொளுத்துங்கோ."