காணியாளர்

தங்கத்தாய் என் மேசைக்கு எதிரே வந்து நின்றபோது நான் பன்னிரண்டாவது பக்கத்துக்கான ஸ்டென்சிலைத் தட்டச்சு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் கையில் ஒன்பதாவது பக்கத்தின் நகல் இருந்தது. எதையும் சட்டென்று கேட்கிற பெண் இல்லை அவள். வந்து நிற்பாள், என்னவென்று நாம்தான் கேட்க வேண்டும். கேட்டேன்.

“சார், இதுல காணியாளர்னு இருக்கு. நான் காணிக்காரங்கன்னுல்லா எழுதிக் குடுத்தேன்.”

“நான்தான் மாத்துனேன்” என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். நான் செய்யும் திருத்தங்களைப் பற்றி எங்கள் துறையில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்க ஒரு ஆள் கிடைத்தால் விடுவேனா? ‘காரர்’ என்பது வண்டிக்காரர், பால்காரர் என்கிற மாதிரி மதிப்புக் குறைந்த சொல் என்று ஆரம்பித்தேன். காணி என்றால் தலைமுறை தலைமுறையாக வருகிற நில உரிமை, கல்வெட்டுகளில் எல்லாம் காணியாளர் என்றுதான் இருக்கிறது, பெரிய கௌரவமான சொல் என்றேன்.

“உங்க அப்பாவே சொல்லியிருக்காரு, இந்த மலை எங்க காணின்னு. நீதானே எழுதிக் குடுத்த. அப்ப நீங்க காணியாளர்தான?”

“எங்க ஆளுக யாரும் அப்படிச் சொல்ல மாட்டாக சார்.”

“பேச்சு வேற, எழுத்து வேற பிள்ள.”

அந்தத் தாளை நான்காக மடித்தாள். பிறகு “சரி சார்” என்று சொல்லிவிட்டுப் போனாள். புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். அந்தச் ‘சரி’க்கு அர்த்தம் புரிந்தது என்பதல்ல, இவரிடம் பேசிப் பயனில்லை என்பதுதான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

என் பெயர் குமரகுருபரன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையின் தட்டச்சர். துறையில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு ‘ஒற்றுப் பிள்ளை’ என்று பெயர். விட்டுப்போன ஒற்றெழுத்தைப் போடாமல் எந்தத் தாளையும் வெளியே விட மாட்டேன் என்பதால் வந்தது. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. என் தாத்தாவுக்கு அம்பாசமுத்திரத்துப் பக்கம் பத்துக் கோட்டை விதைப்பாட்டு வயல் இருந்தது. பழைய பத்திரங்களில் எங்களைக் காணியாளர் என்று எழுதியிருக்கும். அப்பா காலத்திலேயே நிலமெல்லாம் போய்விட்டது. அந்தச் சொல் மட்டும் வீட்டில் மிஞ்சியிருந்தது. எனக்குத் தெரிந்ததிலேயே உயர்ந்த சொல்லை எடுத்து மலைச்சனங்களுக்குக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் என்னிடம் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அது தொண்ணூற்றாறாம் வருடம். எங்கள் பேராசிரியர் அம்மையப்பன் டெல்லியில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டுப் புது யோசனையோடு திரும்பியிருந்தார். மலைமக்களைப் பற்றி வெளியாள் போய் எழுதக் கூடாது, அவர்களே தங்களைப் பற்றி எழுத வேண்டும். நல்ல யோசனைதான். காரையாறு அணைக்கு அந்தப் பக்கம் ஈத்தங்குழி என்கிற காணிக்காரர் குடியிருப்பில் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார். அதில் எழுத்து வேலை முழுவதும் தங்கத்தாயின் தலையில்தான் விழுந்தது. பிளஸ் டூ தேறிய ஒரே ஆள் அவள். வயது இருபத்து மூன்று. வீடு வீடாகப் போய்ப் பெரியவர்கள் சொன்னதைச் சொன்னபடியே கோடு போட்ட நோட்டுகளில் எழுதிக்கொண்டு வருவாள். ஏழு நோட்டு. மழையில் நனைந்து காய்ந்த நோட்டுகள், பக்கத்தைப் புரட்டினால் புகை மணக்கும்.

அவளுக்கு அந்த அறிக்கை வேறு ஒன்றுக்குத் தேவையாக இருந்தது. அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கீழேயிருந்து வருகிற வாத்தியார் மாதத்தில் இரண்டு நாள் வருவார். தண்ணீர் ஏறிவிட்டால் அதுவும் இல்லை. ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விட்டு அங்கேயே வேலைக்கு வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பழங்குடியினருக்கு ஒதுக்கிய இடத்துக்கு மனுப் போட்டிருந்தாள். சாதிச் சான்றிதழ்தான் இல்லை. அரசுப் பட்டியலில் காணிக்காரர் என்ற பெயர் இருந்தது, ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டைத் தாலுகாவுக்கும் மட்டும். மலையில் அந்தச் சரிவில் இருந்தால் பழங்குடி, இந்தச் சரிவில் இருந்தால் ஒன்றுமில்லை. மழைக்கும் யானைக்கும் தெரியாத தாலுகா எல்லை இவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே சனம்தான் என்று பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்தால் கோட்டாட்சியர் பரிசீலிப்பதாகச் சொல்லியிருந்தார். வயது வரம்பின்படி அதுதான் அவளுக்குக் கடைசி வருடம். ஜூன் இருபத்தாறு நேர்காணல்.

மார்ச் கடைசியில் அறிக்கையை அடித்து முடித்தேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒரு ஒற்றுப்பிழை கிடையாது. பேராசிரியர் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். டெல்லிக்கு ஒன்று, சென்னைக்கு இரண்டு, ஆட்சியருக்கு ஒன்று, கோட்டாட்சியருக்கு ஒன்று என்று பிரதிகள் போயின.

ஜூன் பதினெட்டாம் தேதி பதில் வந்தது. தபாலைப் பிரிக்கிற வேலையும் என்னுடையதுதான். ‘பார்வையில் கண்ட அறிக்கையில் காணியாளர் எனக் குறிப்பிடப்பட்டுள்ள பிரிவினர் பழங்குடியினர் பட்டியலில் இடம்பெறவில்லை. மேலும் இச்சொல் நில உரிமை உடையோரைக் குறிப்பதாகத் தெரியவருவதால் மனுதாரரின் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.’ நின்றபடியே இரண்டு தடவை வாசித்தேன். நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள்.

அம்மையப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

“என்ன வே இது? காணியாளர்னு எவன் எழுதுனது?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொன்னார். “அந்தப் பிள்ளைதான் எழுதியிருக்கும். பிளஸ் டூ படிச்ச பிள்ளைட்ட வேற என்னத்த எதிர்பாக்க? நாமளும் வாசிக்காம விட்டுட்டோம்.”

அந்த ‘நாமளும்’ அவருடைய பெருந்தன்மை. அதன் நிழலில் நான் ஒதுங்கிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடத்துச் சர்வீஸ், ஒரு தவறு சொல்ல முடியாத ஆள் என்ற பெயர், இதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் நாக்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. திருத்தம் அனுப்பலாம், ஆனால் துணைவேந்தர் கையெழுத்து வேண்டும், அவர் ஊரில் இல்லை, ஜூலையில் பார்ப்போம் என்றார் பேராசிரியர். ஜூன் இருபத்தாறு என்று நான் நினைவுபடுத்தினேன். “என்ன செய்ய வே” என்று சொல்லிவிட்டுக் கடிதத்தைக் கோப்பில் வைத்தார்.

தங்கத்தாய்க்கும் தனியாக ஒரு கடிதம் போயிருந்தது. மறுநாள் வந்தாள். அழுவாள், அல்லது கேட்பாள் என்று காத்திருந்தேன். தன் ஏழு நோட்டுகளையும் திருப்பித் தரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். மேலே இருந்ததைப் பிரித்து, ஒரு இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து, தனக்குத்தானே பார்த்துக்கொண்டு மூடினாள். அவள் கையெழுத்தில் காணிக்காரங்க என்று இருந்தது. நான் பார்க்க வேண்டும் என்று அதைச் செய்தாளா என்று எனக்குத் தெரியாது. பார்த்துவிட்டேன்.

வீட்டில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி பிரம்மநாயகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ரசத்தைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

“மாத்துனது நீங்கதான்னு சொன்னியளா?”

“இல்ல.”

“அப்ப சொல்லிட்டு வாங்க.”

“யார்ட்ட? பேராசிரியர்ட்டயா?”

“அவருக்கு என்ன நட்டம்?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பாபநாசம் போய், அங்கிருந்து அணைக்கு ஏறினேன். பையில் அறிக்கையின் அலுவலகப் பிரதி. நூற்றுப் பன்னிரண்டு பக்கம் அந்த ஊரைப் பற்றி அடித்தவன் அந்த ஊரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. படகில் போகும்போது தண்ணீருக்கு அடியில் அவர்களுடைய பழைய குடியிருப்பு இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. முப்பத்தோராம் பக்கத்தில் நானே அடித்திருக்கிறேன். இங்கே தேக்கிய தண்ணீர்தான் என் தாத்தாவின் வயலுக்கும் பாய்ந்தது. அடிக்கும்போது அது தோன்றவில்லை. கரையில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தேன். கால் முழுக்க அட்டை.

தங்கத்தாயின் வீடு ஈத்தை மூங்கிலில் அடைத்தது. என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மாறவில்லை. ஒரு கை உப்பைக் கொண்டுவந்து கொடுத்து, அட்டைகள் மேல் போடச் சொன்னாள். அவளுடைய அப்பா கொம்பையா உள்ளேயிருந்து சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார். அவர்தான் அந்தக் குடியிருப்பின் தலைவர், மூட்டுக்காணி என்பார்கள். அறுபத்தைந்து வயதிருக்கும். கட்டன் சாயாவும் அவித்த கிழங்கும் வந்தன.

“பேப்பரு திரும்பிட்டுன்னு பிள்ள சொல்லிச்சு” என்றார். “எதுக்குன்னு கேட்டா, சாரு வந்து சொல்லுவாகங்குது.”

நான் தங்கத்தாயைப் பார்த்தேன். நான் வருவேன் என்று அவளுக்கு யார் சொன்னது? அவள் கிழங்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

“அதச் சொல்லத்தான் வந்தேன்” என்று ஆரம்பித்தேன். அதற்குள் கொம்பையாவின் கண் என் பைக்குப் போய்விட்டது.

“அதுதான் எங்க புத்தகமா?”

எடுத்துக் கொடுத்தேன். வாங்கி, கனத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “எங்களுக்கு ஒரு தடவ வாசிச்சுக் காட்டவே இல்லையே சாரு” என்றார். குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். டெல்லிக்கும் சென்னைக்கும் போன புத்தகம். அவர்களே எழுதியது என்று அட்டையில் போட்டிருந்த புத்தகம். “இப்ப வாசிங்க. மத்தத அப்புறம் பேசுவோம்.”

பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் இருக்கும். ஈரத் தலையோடு வந்து அங்கங்கே குத்தவைத்தார்கள். நான் முதல் பக்கத்தைத் திறந்தேன். ‘பொதிகை மலையின் தொல்குடிகளான காணிக்காரர்’ என்று வாசித்தேன். தாளில் அப்படி இல்லை. இரண்டாவது இடத்திலும் மாற்றித்தான் வாசித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எல்லோர் முகத்திலும் ஒரு கவனம் வந்தது.

“சார்” என்றாள் தங்கத்தாய். தட்டியில் சாய்ந்து நின்றிருந்தாள். “உள்ளத வாசிங்க.”

அதற்கு மேல் உள்ளதை உள்ளபடியே வாசித்தேன். காணியாளர், காணியாளர்தம், காணியாளரிடையே. என் காதுக்கே என் குரல் கோவில் கல்வெட்டை வாசிக்கிற மாதிரி இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள், கூட்டத்தில் யாரோ பேசுவதைக் கேட்கிறவர்களைப் போல. யாரும் தலையாட்டவில்லை. சில பக்கங்களைத் தள்ளி முப்பத்தோராம் பக்கத்துக்கு வந்தேன்.

‘அணைக்கட்டுப் பணி தொடங்கியபோது காணியாளர் தம் குடியிருப்புகளை நீங்கி மேட்டுநிலம் நோக்கிப் பெயர்ந்தனர். விதைக்கிழங்கும் தெய்வக்கல்லும் மட்டுமே எடுத்துச் செல்ல இயன்றது. அவ்வாண்டு மழைக்காலத்தில் காணியாளரின் குழந்தைகள் எழுவர் காய்ச்சலால் மாண்டனர்.’

இதைச் சொன்னவர் கொம்பையா. நோட்டில் அடுத்த வரி, ‘அதுல ஒண்ணு என் தங்கச்சி’ என்று இருந்தது. ஆய்வறிக்கையில் ‘என்’ என்று வரக் கூடாது என்று அதை எடுத்துவிட்டவன் நான்.

கொம்பையா முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஏழு பிள்ளைகள் என்று வந்ததும் நாக்கைத் தட்டி ‘ச்சு’ என்றார். வாசிப்பை நிறுத்தச் சொல்லிக் கையை லேசாகத் தூக்கினார்.

“பாவம்” என்றார். “அவுகளும் எங்களமாதிரிதான் பட்டிருக்காக. எந்தப் பக்கத்து மலை சாரு அவுகளுக்கு?”

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே கேள்விதான் இருந்தது போல, என் முகத்தையே பார்த்தார்கள். தங்கத்தாய் தட்டியை விட்டு நகரவில்லை. வெளியே சாரல் வலுத்தது. என் விரல் நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்த வாக்கியமும் அந்தச் சொல்லில்தான் தொடங்கியது.