பட்டாணிக்குக் குளிர் பிடிக்கும்

செஞ்சியைச் சுற்றி மிளகாய் போடுகிறவர்களில் சிங்கவரம் ஜெயக்கொடியின் நாற்றுப் பந்தலைத் தெரியாதவர்கள் குறைவு. பச்சை வலை கட்டிய இரண்டு பந்தல்கள். உள்ளே குழித்தட்டுகளில் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகள். "அது கை வெச்சா வெறுங்குச்சி கூட வேர் வுடும்" என்று கூட வேலை பார்க்கும் அம்மாக்கண்ணு வருகிறவர்களிடம் சொல்லுவாள். வியாபாரத்துக்காகச் சொல்வதுதான் என்றாலும் அதில் பாதிக்கு மேல் உண்மை.

ஜெயக்கொடியின் கணவன் பார்த்திபன் நர்ஸ் வேலை பார்ப்பவன். இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அவனும் கூப்பிட்டான். அவள்தான் வரமாட்டேன் என்றாள்.

"அங்க வந்து நான் இன்னா பண்றது? நாலு சுவத்துக்குள்ள ஜன்னலப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கணும். என்னால ஆவாதுங்க."

வீடு சரியாக இருந்தால் மனசு மாறுவாள் என்று நினைத்து, ஒண்டியாக இருந்த அறையை விட்டுப் பின்னால் தோட்டமுள்ள சின்ன வீடு ஒன்றுக்கு வாடகைக்கு மாறினான். அப்போதும் மாட்டேன் என்றாள். அதற்குப் பிறகு அவன் கேட்பதை விட்டுவிட்டான். பேச்சும் குறைந்துபோனது. சாப்டியா, சாப்டேன், நீங்க, ஆச்சு. மீதி நேரத்தை ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் நிலாதான் பேசி நிரப்பினாள்.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு ஞாயிறு மதியம், பந்தலுக்குள் போன் அடித்தது. அவனுக்கு அது காலை நேரம். நிலா போனைப் பிடுங்கிக்கொண்டு, "நைனா, பனிக்கட்டி இருக்குதா, காட்டு" என்றாள்.

"அதெல்லாம் கரைஞ்சிப் போச்சிம்மா. இங்க பாரு, ஒண்ணும் இல்ல" என்று பின்கதவைத் திறந்து போனைத் திருப்பினான். வேலிக்குள் ஒரு துண்டு நிலம். காய்ந்த களைகள். மூலையில் உடைந்த நாற்காலி. சற்று ஈரமாக, கன்னங்கரேலென்று மண்.

நிலாவின் தோளுக்குப் பின்னாலிருந்து ஜெயக்கொடி எட்டிப் பார்த்தாள். "அந்த மண்ண ஒரு கை அள்ளுங்க."

"எதுக்கு?"

"அள்ளிக் காட்டுங்களேன்."

அள்ளினான். பிடித்துப் பார்க்கச் சொன்னாள். விரலால் குத்தினால் உதிர்கிறதா என்று கேட்டாள். உதிர்ந்தது. உள்ளே ஒரு மண்புழு நெளிந்தது. அவன் பதறிக் கையை உதற, நிலா விழுந்து விழுந்து சிரித்தாள். பார்த்திபனும் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று ஜெயக்கொடிக்குத் தோன்றியது.

"இப்படி ஒரு மண்ண சும்மா போட்டு வெச்சிருக்கீங்களே" என்றாள்.

அப்படித் தொடங்கியதுதான். அடுத்த லீவில் அவன் களையைக் கொத்தி எடுத்தான். மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு கொத்துகிற கணவனைப் பார்த்து அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. பாத்தி எப்படிப் பிடிப்பது, விதையை எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது, எல்லாம் அவள் சொன்னாள். பட்டாணி, முள்ளங்கி, பாலக்கீரை விதைத்தான். உருளைக்கிழங்கை முளை கட்டவைத்துப் புதைத்தான். முளைக்குமா முளைக்காதா என்று தினமும் அவனே கேட்டான். குளிருக்குப் பயந்து விதை மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது போலிருக்கிறது என்று அவள் கேலி பண்ணினாள். பட்டாணி வரிசையாகத் தலை தூக்கிய அன்று, ஆஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்திலும் படம் எடுத்து அனுப்பினான்.

சித்திரை பிறந்தது. சிங்கவரத்தில் மதியத்தில் கால் வைக்க முடியவில்லை. அங்கே நல்ல வெயில் அடிக்கிறது, இன்று வெறும் சட்டையோடு வெளியே நின்றேன் என்றான் பார்த்திபன். தக்காளி நாற்றும் பீன்ஸ் நாற்றும் வாங்கி வந்து ஜன்னலோரம் வைத்திருந்தான்.

"கடைக்காரர் மே மாசம் முடியட்டும், அப்புறம் வெளிய நடுங்கன்றாரு."

"அதுவரைக்கும் சட்டியில வெச்சிருந்தா வேர் சுத்திக்கும். நானும் நாத்து விக்கிறவதானே, எனக்குத் தெரியாதா? வெயில்தான் அடிக்குதே. நட்டுடுங்க."

நட்டுவிட்டான்.

ஒரு வாரம் செடிகள் நன்றாகத்தான் இருந்தன. அப்புறம் ஒரு நாள் அவன் கூப்பிட்டபோது முகமே சரியில்லை. போனைத் திருப்பினான். தக்காளி, பீன்ஸ் இரண்டும் வெந்நீர் ஊற்றியது போலத் துவண்டு கறுத்துக் கிடந்தன. மண்ணிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்த உருளைத் தளிர்களும் கருகியிருந்தன. புல் மேல் உப்பைத் தூவினாற்போல வெள்ளை.

"இன்னாங்க இது?"

"உறைபனி. ராத்திரி எறங்கிடுச்சி." கருகிய ஒரு தளிரைக் காலால் தள்ளினான். "இங்க எது வந்தாலும் நிக்காது ஜெயா. நானும் நிக்க மாட்டேன். இந்த வருஷத்தோட வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன்."

போன் அணைந்த பிறகும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திரும்பி வரவேண்டும் என்றுதான் இந்த இரண்டு வருஷமாக உள்ளூர நினைத்திருந்தாள். வருகிறேன் என்கிறான். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் தோற்றவன் முகத்தோடு அவன் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த முகத்துக்குத் தானும் ஒரு காரணம்.

அம்மாக்கண்ணுவிடம் சொன்னாள்.

"நீ பாக்காத ஊருக்கு இங்கேருந்தே உத்தரவு போட்டா அப்படித்தான் ஆவும்" என்றாள் அம்மாக்கண்ணு, நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே. "நம்ம கத்திரி வெயில்ல அந்த ஊருக்காரன் பட்டாணி போடச் சொன்னா போடுவியா?"

ஜெயக்கொடிக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலம் நிலாவைப் படிக்க உட்கார வைத்துவிட்டுப் போனில் தேட ஆரம்பித்தாள். குளிர் நாடுகளில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் பேசும் வீடியோக்கள். பாதி புரிந்தது, பாதி படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பகலில் வெயில் காய்ந்தாலும் மே மாதக் கடைசி வரை இரவில் உறைபனி இறங்கும். தக்காளி அதைத் தாங்காது. மேலே கருகினாலும் உருளை அடியிலிருந்து மறுபடி தளிர்க்கும். பட்டாணிக்கோ குளிர் வேண்டும். அதற்கு ஆகாதது வெயில்தான். இத்தனை வருஷம் வெயிலிலிருந்து செடியைக் காப்பாற்றுவதே தொழிலாக இருந்தவளுக்கு இதெல்லாம் தலைகீழாக இருந்தது. ஆனாலும் பார்க்கப் பார்க்க விட முடியவில்லை. ஒரு பெண்மணி பாத்தி மேல் மெல்லிய வெள்ளைத் துணியைப் போர்த்தி ஓரத்தில் கல் வைத்ததைப் பார்த்து, நாம் மேலே வலை கட்டுகிற மாதிரிதான் இதுவும் என்று நினைத்துக்கொண்டாள்.

பார்த்திபன் போனை எடுக்கவில்லை. குரலைப் பதிந்து அனுப்பினாள். "தப்பு என்னுதுங்க. தெரியாத மண்ணுல தெரிஞ்சா மாதிரி பேசிட்டேன். கடைக்காரர் சொன்னதுதான் சரி. உருளைய தோண்டி எடுத்துடாதீங்க, அது திரும்ப வரும். பட்டாணிய ஒரு தபா போய்ப் பாருங்க. அது செத்திருக்காது."

சில நாள் பதில் இல்லை. அவள் கையில் வேலை ஓடவில்லை. மிளகாய்த் தட்டில் கத்தரி விதையைத் தூவிவிட்டு அம்மாக்கண்ணுவிடம் திட்டு வாங்கினாள்.

பிறகு ஒரு மதியம் அவனே கூப்பிட்டான். முகம் தெரியவில்லை. திரை முழுக்கப் பச்சை. பட்டாணிக் கொடி சுருள் சுருளாகக் கைநீட்டி, நட்டு வைத்த குச்சியைச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சாவல ஜெயா. ஒண்ணு கூட சாவல. முள்ளங்கி பாரு, கட்டைவெரல் தடிமன் இருக்குது. உருளையும் தளிர் வுட்டிருக்கு."

"நான் சொன்னன்ல" என்று சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். "உருளை மேல கெடக்கிற அந்த வெள்ளத் துணி இன்னாது?" என்றாள்.

"பக்கத்து வீட்டம்மா குடுத்தது. இத்தினி நாள் தல மட்டும்தான் ஆட்டும். கருகின செடியப் பாத்துட்டு வேலி மேல எட்டி, வருஷா வருஷம் ஒருத்தராவது இப்படி ஏமாறுவாங்க, நானும் ஏமாந்திருக்கேன்னு சொல்லிச்சி. டீ குடிக்கக் கூப்பிட்டுச்சி. முள்ளங்கி ரெண்டு குடுத்தேன்."

"நாம மட்டும் ஏமாறலியா அப்ப."

"இல்ல" என்றான். குரலில் பழைய பார்த்திபன் இருந்தான்.

மே முடிந்த பிறகு புதுத் தக்காளி நாற்றுகள் வாங்கி நட்டான். இந்த முறை எப்போது நடுவது என்று அவள் சொல்லவில்லை, அவனைக் கேட்டாள். வானம் எப்படி இருக்கிறது, காலையில் புல் ஈரமாக இருந்ததா வெள்ளையாக இருந்ததா, இரவு எத்தனை மணிக்கு இருட்டுகிறது. பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிறது என்றபோது நம்பாமல் படம் அனுப்பச் சொன்னாள். அவ்வளவு நீளமான பகலில் செடி என்னமாய் வளரும் என்று அன்று முழுக்க அதே நினைப்பாக இருந்தாள்.

ஆனி மாதத்தில் பட்டாணி பறித்தான். தோட்டத்தில் நின்றபடியே ஒரு காயைப் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டான்.

"வேக வெக்காமலா?" என்றாள் நிலா.

"சக்கரையா இருக்குதும்மா."

"எனக்கு?"

பார்த்திபன் சிரித்தான். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருவதைப் பற்றி அவன் அப்புறம் ஒருநாளும் பேசவில்லை என்பதை ஜெயக்கொடி கவனித்திருந்தாள். வா என்று கூப்பிடவும் இல்லை. இன்னொரு முறை அவள் வாயால் மாட்டேன் என்று கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை என்று புரிந்தது.

அவள் பந்தலைச் சுற்றிப் பார்த்தாள். அம்மாக்கண்ணு ஒரு விவசாயிக்குத் தட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே கணக்கும் விதையும் அவள் கையில்தான் இருந்தது. நல்லபடியாகவே இருந்தது. முந்தின நாள்தான் ஜெயக்கொடி அவளிடம், "நான் இல்லன்னா பாத்துப்பியாக்கா?" என்று கேட்டிருந்தாள். "நீ இங்க இருந்துக்கினே போன்லதானே இருக்கிற. இப்ப மட்டும் யாரு பாக்கறாங்க?" என்றாள் அம்மாக்கண்ணு.

"ஏங்க" என்றாள் ஜெயக்கொடி போனில்.

"சொல்லு."

"அங்க பூண்டு ஐப்பசியில நடுவாங்களாமே. குளிரு முழுக்க மண்ணுலயே கெடக்குமாம்."

"பக்கத்து வீட்டம்மா கூட சொல்லிச்சி. நடட்டுமா?"

"வேணாம்." நிலா அவள் மடியில் ஏறி உட்கார்ந்து போனைப் பார்த்தாள். "வேலியோரமா ஒரு பாத்தி எனக்கு வுட்டு வைங்க. இவளுக்கு காலாண்டுப் பரீட்சை முடிஞ்சதுமே வர்ற மாதிரி விசாவுக்குப் போடுங்க. பூண்ட நான் வந்து நடறேன்."

திரையில் படம் அசையவில்லை. லைன் போய்விட்டதோ என்று அவள் திரையைத் தட்டினாள். போகவில்லை. பார்த்திபன் கையில் பட்டாணிக் கூடையோடு, வேலியோரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அங்க நெழலு வுழும் ஜெயா" என்றான் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "உனக்கு நடுப்பாத்திய வுடறேன்."